கயிறு மச்சான் கையில்

போன வெள்ளிக்கிழமை என் மகளுக்குக் காது குத்தினோம். பதுளையில், எங்கள் வீட்டுக் கூடத்தில்தான். சொந்தக்காரர்கள், கடைத்தெருக்காரர்கள் என்று வீடு நிறையக் கூட்டம்.

ஆசாரி ஊசியோடு தயார். குழந்தை தாய்மாமன் மடியில் தயார். என் மனைவி பொன்னம்மா தட்டில் சூடத்தை வைத்துக் கொளுத்தினாள். அவ்வளவுதான்... நான் ஒரே தாவலில் வாசற்படிக்கு வெளியே நின்றேன்!

மச்சானால் ஓட முடியவில்லை, மடியில் குழந்தை. ஆனால் அவர் என்ன செய்தார் தெரியுமா? தோளில் கிடந்த கம்பளியை உருவிக் குழந்தையைத் தலையோடு சேர்த்து மூடிவிட்டு, கூரையை அண்ணாந்து பார்த்தார்.

கூட்டம் சிரித்தது. "சூடத்தைக் கண்டு ஓடுற இந்துவை இன்னைக்குத்தான் பார்க்கிறேன்" என்றார் பக்கத்துக் கடைக்காரர். நாங்கள் இருவரும் சிரிக்கவில்லை. எங்களுக்கு வேர்த்திருந்தது.

ஏன் என்று எல்லோரும் கேட்டார்கள். நான் சொல்லவில்லை. இங்கே, இந்தப் பத்தியில்தான் சொல்லவேண்டும் என்று ஒரு நிபந்தனை இருக்கிறது. நிபந்தனை போட்டவர் யார் என்பது கடைசியில் தெரியும்.

என் மச்சான் பெயர் சதாசிவம். பொன்னம்மாவின் அண்ணன். தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கணக்கப்பிள்ளை. காலையில் பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுக்கும் வரிசையில், ஆட்களை நிறுத்தி, யார் கொழுந்து பறிப்பது, யார் புல் வெட்டுவது என்று பிரித்துவிட்டு, நாள் முழுக்க அவர்கள் பின்னால் மலை ஏறி இறங்குகிற உத்தியோகம். நல்ல மனிதர். ஒரே ஒரு வழக்கம் உண்டு. கோட்டு போடுவார். அந்தக் கோட்டின் மேல், தோட்டத்து ஆட்கள் மழைக்குப் போர்த்திக்கொள்கிற முரட்டுக் கம்பளியையும் போட்டுக்கொள்வார். வெயிலோ மழையோ, கல்யாணமோ கருமாதியோ, கம்பளி இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது.

எழுதுகிறவன் கண்ணில் இப்படி ஒன்று பட்டால் சும்மா விடுவானா? ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் இதே பத்தியில் எழுதினேன். "கோட்டுக்கு மேல் கம்பளி போட்ட கனவான்." பெயர் போடவில்லை. வழக்கமாகப் படிப்பவர்களுக்கு ஞாபகம் இருக்கலாம், பலர் ரசித்துக் கடிதம்கூட எழுதினீர்கள்.

பெயர் போடாவிட்டால் என்ன? தெமோதரையில் கோட்டுக்கு மேல் கம்பளி போட்டவர் இரண்டு பேரா இருக்கிறார்கள்? படித்தவர்கள் படிக்காதவர்களுக்குச் சொன்னார்கள். ஒரு நாள் காலை பெரட்டில் யாரோ வரிசையின் பின்னாலிருந்து "கனவான் வர்றாரு" என்று குரல் கொடுக்க, அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். பெரட்டில் சிரிப்பு வந்துவிட்டால் கணக்கப்பிள்ளையின் சொல்லுக்கு அப்புறம் என்ன மதிப்பு?

அன்றோடு மச்சான் என்னிடம் பேசுவதை நிறுத்தினார். வீட்டுக்கு வருவார். தங்கையிடம் பேசுவார். மருமகளைக் கொஞ்சுவார். நான் எதிரே உட்கார்ந்திருந்தால், "தங்கச்சி, உன் வீட்டுக்காரரு காலைக் கொஞ்சம் மடக்கினா நான் அந்தப் பக்கம் போயிடுவேன்" என்பார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. வேடிக்கைக்கு எழுதியதற்கு மன்னிப்பா என்று ஒரு வீம்பு.

இதற்கு நடுவில் மாட்டிக்கொண்டது குழந்தையின் காது. இரண்டு தடவை நாள் பார்த்தோம், இரண்டு தடவையும் தள்ளிப்போயிற்று. "மாமன் மடியில உட்காராம என் பிள்ளைக்குக் காது குத்த விடமாட்டேன்" என்று பொன்னம்மா. "அந்த வீட்டு விசேஷத்தில என் மடி கிடையாது" என்று மச்சான்.

இந்த நிலைமையில்தான் பத்திரிகை எடிட்டரிடமிருந்து ஒரு போஸ்ட் கார்டு வந்தது. ஒரு பக்கம் வில்லோடு நிற்கும் ஒரு வேடரின் படம். மறுபக்கம் இரண்டு வரி. "சீமையிலிருந்து கப்பலேறி வந்து இவர்களைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். பதுளையில் இருந்துகொண்டு நீர் பார்த்ததுண்டா?"

சுருக்கென்றது. பிபிலைக்கு அப்பால் காடு, காட்டில் யானை, கரடி, வேடர்கள் என்று என் கடைக்கு வருகிறவர்கள் சொல்லக் கேட்டதோடு சரி. போய்வருவது என்று முடிவு செய்தேன்.

பொன்னம்மா ஒரே வார்த்தையில் முடித்தாள். "போங்க. ஆனா அண்ணனோட போங்க."

"உங்க அண்ணன் என்னோட பேசவே மாட்டாரே?"

"கரடி வந்தா பேச்சா உதவும்? காடு தெரிஞ்ச ஆளு கூட இருந்தா போதும். அண்ணன் துரைக்கிட்ட லீவு கேட்டாச்சு."

இரண்டு பேரிடமும் தனித்தனியாகப் பேசி முடித்துவிட்டுத்தான் எனக்குச் சொல்கிறாள். பெண்களின் ராஜதந்திரம் அது. கிளம்பும்போது ஒரு பொட்டலத்தைக் கையில் திணித்தாள். சூடம், சாம்பிராணி, தீப்பெட்டி. "காட்டுப் பிள்ளையாருக்குக் கொளுத்தாம வந்துடாதீங்க. உங்க ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் வேண்டியிருக்கேன்."

ஆனி மாதம். பசறை வரை மோட்டார். லுணுகலை வரை மாட்டு வண்டி. அதற்கப்புறம் நடை. மச்சான் முன்னால், கோட்டும் கம்பளியுமாக. நான் பின்னால், குடையும் நோட்டுப் புத்தகமுமாக. பிபிலையிலிருந்து பண்டா என்ற சிங்களவர் வழிகாட்ட வந்தார். தேன் விற்கவும் கருவாடு வாங்கவும் வந்து தமிழ்க் கடைகளில் பழகியவர், எங்கள் பேச்சு நன்றாக வரும். பாவம், அவர் வந்து சேர்ந்ததும் பொன்னம்மாவின் வேலை அவர் தலையில் விழுந்தது.

"பண்டா, ஐயாவை அட்டையைப் பார்த்துக் கால் வைக்கச் சொல்லு."

"பண்டா, எனக்குக் கண் இருக்குன்னு அவருகிட்ட சொல்லுங்க."

பண்டா இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டு, கொஞ்ச தூரத்துக்கெல்லாம் சொல்வதை விட்டுவிட்டார். நாங்கள் மூன்று அடி இடைவெளியில் அவர் வழியாகவே கத்திக்கொண்டிருந்தோம்.

காடு எங்கள் வாயை மூடிவிட்டது. சரிவில் இறங்க இறங்க வெளிச்சம் குறைந்தது. மழை எப்போதோ நின்றிருந்தும் இலைகள் சொட்டிக்கொண்டிருந்தன. பூட்ஸுக்குள் அட்டை. மேலே எங்கோ குரங்குகள் கிளை விட்டுக் கிளை தாவுகிற சத்தம் மட்டும் வரும், ஒன்றும் தெரியாது. தோட்டத்துக் காட்டில் எல்லாம் வரிசை வரிசையாக நிற்கும். இங்கே எதுவுமே யாருக்காகவும் நிற்கவில்லை.

ஓரிடத்தில் பாதை நடுவே யானைச் சாணம். பண்டா குனிந்து புறங்கையால் தொட்டுப் பார்த்தார். நிமிர்ந்து, பேசாதே என்று விரலைக் காட்டினார். சூடு ஆறவில்லை! மூங்கில் ஒடிகிற சத்தம் இடது பக்கம் கேட்டது. அது விலகிப் போகும் வரை நாங்கள் அசையாமல் நின்றோம். மச்சான் என் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். இருக்கிறேனா என்று பார்த்திருப்பார்.

அடர்காட்டு வாசலில் ஒரு மரம். அதன் தாழ்ந்த கிளை முழுக்கக் காய்ந்த கொப்புகள் தொங்கின. பண்டா பச்சைக் கொப்பு ஒன்றை முறித்து அதில் மாட்டிக் கும்பிட்டார். காட்டுக்குள் போகிறவர்கள் எல்லோரும் செய்வதாம். அவருக்கு அது அவருடைய காட்டுத் தெய்வம், எங்களுக்குப் பிள்ளையார். நாங்களும் ஆளுக்கொரு கொப்பு மாட்டினோம். நான் பொட்டலத்தைப் பிரித்தேன்.

"வேணாம் ஐயா" என்றார் பண்டா. "இந்தச் சாமிக்குக் கொப்பு போதும்."

போதுமா? கொப்பு வைத்துக் கும்பிட்டுவிட்டு, சூடம் கொளுத்தாமல் போவதா? எனக்கு மனசு ஒப்பவில்லை. பொட்டலத்தைத் திரும்பவும் பைக்குள் வைத்தேன். அது அங்கே இருந்துகொண்டு உறுத்திக்கொண்டே வந்தது.

வேடர் குடியிருக்கும் பாறைக்குக் கொஞ்ச தூரத்திலேயே பண்டா எங்களை நிறுத்திவிட்டார். "ஹூ" என்று ஒரு குரல் கொடுத்தார். பெண்கள் உள்ளே போக நேரம் கொடுக்கவேண்டுமாம். சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றால் அம்பு பேசும் என்றார். சற்று நேரத்தில் தோளில் கோடரியோடு ஒருவர் வந்தார். பெயர் கைரா. போஸ்ட் கார்டில் இருந்தவரைவிடக் குட்டை, ஒல்லி. சிரிக்கவில்லை. நான் கொண்டுபோன உப்பையும் துணியையும் வாங்கிக்கொண்டு, என் மூக்குக் கண்ணாடியையும் குடையையும் நிதானமாகப் பார்த்தார். பண்டாவிடம் ஏதோ கேட்டார்.

"என்னவாம்?"

"எதுக்கு வந்தீங்கன்னு கேட்கிறார். பார்க்க வந்தோம்னு சொன்னேன். அப்ப பார்த்தாச்சு இல்லியான்னு கேட்கிறார்."

மச்சான் சிங்களத்தில் ஏதோ சொன்னார். தோட்டத்தில் இருப்பவர்களுக்குப் பல பாஷையும் வாயில் வரும். கைராவின் முகம் கொஞ்சம் இளகிற்று. இன்று தேன் எடுக்கிற நாள், வேண்டுமானால் வந்து பாருங்கள் என்றார்.

அவர் இடுப்பில் திரித்த கயிறு ஒன்று கட்டியிருந்தது. மனைவி தன் கையால் திரித்துக் கட்டியதாம். அவர்கள் கல்யாணமே அதுதானாம். பிய்ந்தால் அவளேதான் புதிது திரித்துக் கட்டவேண்டும். "பண்டா, இங்க தாலி ஆம்பளைக்கு!" என்றார் மச்சான். எனக்குச் சிரிப்பு வந்தது. அவரோடு சேர்ந்து சிரிக்கக்கூடாது என்று அடக்கிக்கொண்டேன். என்ன மனிதன் நான்!

தேன்பாறை மூன்று தென்னை உயரம் இருக்கும். நெட்டுக்குத்தாக நிற்கிறது. நெற்றியில் வரிசையாகத் தேனடைகள், ஒவ்வொன்றும் கதவு அகலம். கறுப்பாக, அசைந்துகொண்டே. கூர்ந்து பார்த்தால்தான் அசைவது தேனீக்கள் என்று தெரிகிறது. பம்பரா என்கிற மலைத்தேனீ. நம் வீட்டுப் பொந்துத் தேனீ இல்லை. இது கூட்டமாகக் கொட்டினால் மாடே விழும்.

பின்பக்கச் சரிவாக உச்சிக்கு ஏறினோம், நிதானமாக நடந்து ஐந்து நிமிஷம். மேலே ஒரு மரத்தில் கொடிக்கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றி, நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். கயிற்றின் மறுமுனை கைராவின் உடம்பில். கைரா விளிம்பில் இறங்க இறங்க, இவர் கயிற்றை விட்டுக்கொடுக்கவேண்டும். ஏற ஏற, இழுத்துக்கொள்ளவேண்டும். கால் வழுக்கினால் இவர் கைதான் எல்லாம்.

மச்சானுக்குக் கை சும்மா இருக்குமா? உதவிக்குக் கயிற்றின் வாலைப் பிடிக்கப் போனார். அந்த ஆள் பட்டென்று அவர் கையைத் தட்டிவிட்டார்.

பண்டா பதறிப்போய் விளக்கினார். "தொடக்கூடாது ஐயா. இவர் மஸ்ஸினா. கைரா சம்சாரத்தோட அண்ணன். தேன் கயிறு மஸ்ஸினா கையிலதான் இருக்கணும். அப்பன் கையில கூடக் கொடுக்கமாட்டாங்க. தங்கச்சி தாலியறுக்கிறதை எந்த அண்ணன் பார்த்துக்கிட்டு இருப்பான்?"

மஸ்ஸினா என்றால் நம் மச்சினன்தான். நானும் மச்சானும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டோம்.

இன்னொன்றும் சொன்னார். கயிறு பிடிப்பவர் பாடிக்கொண்டே இருப்பார். கீழே தொங்குகிறவருக்கு மேலே ஆள் தெரியாது. பாட்டுக் கேட்டால் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம்.

அடிவாரத்துக்கு வந்தோம். ஓர் ஓடை. பண்டா எனக்குத் தனியாக நாலு கட்டளை போட்டார். "சுருட்டு வேணாம். நெருப்பு வேணாம். சத்தம் வேணாம். குடையை விரிக்க வேணாம்." வாயிலிருந்த சுருட்டை எடுத்து ஓடையில் நனைத்தே எறிந்தேன். நான் சொல் கேட்கிற ஆள்.

கைரா இறங்க ஆரம்பித்தார். இடுப்பில் புகைகிற பச்சிலைக் கட்டும் ஒரு சிறு கூடையும். மேலிருந்து பாட்டு மெல்லிய குரலில், ஒரே இழுப்பாக வந்தது. முதல் அடையின் பக்கத்தில் போய்ப் புகையைக் காட்டினார். கறுப்புத் திரை விலகுவதுபோல ஈக்கள் ஒதுங்கின, வெள்ளை அடை தெரிந்தது. ஒரு துண்டை வெட்டிக் கூடையில் போட்டார். அந்த உயரத்தில், ஒரு கொடியை நம்பி, ஒரு கால் மட்டும் பாறை வெடிப்பில்... என்னால் பார்க்க முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். பிள்ளையாரப்பா, இந்த மனிதன் நல்லபடி ஏறிப் போகவேண்டும்!

பிள்ளையார் என்றதும் பொட்டலம் ஞாபகம் வந்தது. இதைவிட அவசியமான நேரம் வருமா?

மச்சானும் பண்டாவும் ஓடைப் பக்கம் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் நாலடி தள்ளிப் பாறையின் ஒரு பிளவுக்குப் பக்கத்தில், காற்றுப் படாத இடமாகப் பார்த்து, சருகைக் கூட்டி, சூடத்தை வைத்துக் கொளுத்தினேன். நன்றாகப் பற்றிக்கொண்டது. மேலே ஒரு பிடி சாம்பிராணி போட்டேன். கைகூப்பினேன்.

நெருப்பு வேண்டாம் என்று சொன்னார்களே என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் சூடத்தை நெருப்புக் கணக்கில் யார் சேர்ப்பார்கள்? சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குத் தோன்றவே இல்லை. சுருட்டு நெருப்பு. அடுப்பு நெருப்பு. சூடம் சாமி அல்லவா?

சாம்பிராணிப் புகை அந்தப் பிளவில் புகுந்தது, அடுப்புக் கூண்டில் ஏறுவதுபோல விறுவிறு என்று மேலே ஏறியது. பிளவு எங்கே முடிகிறது என்று நிமிர்ந்து பார்த்தேன். கைராவுக்கு மறுபக்கம் இருந்த மூன்று அடைகளுக்கு நேர் கீழே! அவர் இன்னும் புகை காட்டாத அடைகள்.

முதலில் சத்தம்தான் வந்தது. பெரிய மில்லில் எந்திரம் கிளம்புகிற மாதிரி ஒரு முழக்கம். அப்புறம் மூன்று அடையின் ஈக்களும் ஒரே நேரத்தில் பாறையை விட்டுக் கிளம்பின.

"ஓடையில விழுங்க!" என்று பண்டா கத்தினார். என் கழுத்தைப் பிடித்து அவரே தள்ளினார். மூக்கை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு கிடந்தேன். அப்போதும் காதில் இரண்டு, நெற்றியில் மூன்று கொட்டு. நெருப்புத் துண்டை வைத்து அழுத்துவதுபோல ஒவ்வொன்றும் இறங்கியது. எனக்கே இப்படி என்றால் மேலே தொங்குகிறவருக்கு?

கைரா கத்தவில்லை. முகத்தைப் பாறையோடு ஒட்டிக்கொண்டு, கையால் தடவித் தடவி ஏற முயன்றார். ஈக்கள் அவர் முதுகை மூடிவிட்டன. கயிறு இறுகியபடி நின்றது. மேலிருந்து பாட்டும் வந்துகொண்டிருந்தது. நடுநடுவே அறுந்து, மறுபடி பிடித்து. உச்சியிலும் கொட்டுகிறது, அந்த மனிதர் இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்திருக்கிறார், ஓர் ஈயைக்கூடத் தட்ட அவருக்குக் கை இல்லை.

நான் செய்தது. நான் கொளுத்தியது. ஒரு மனிதன் விழுந்து சாகப்போகிறான், அவன் நல்லாயிருக்கவேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டதால்!

பாட்டு நின்றது.

கைராவும் அதைக் கேட்டார். தலையைத் தூக்கினார். ஒரு கால் வெடிப்பிலிருந்து நழுவிற்று, கயிறு ஒரு முழம் சரசரவென்று இறங்கியது. பக்கத்தில் மச்சானைத் தேடினேன். காணோம். பாறை ஓரத்தில் தெரிந்த பின்சரிவில் ஒரு பழுப்புக் கம்பளி தலையோடு மூடிக்கொண்டு, ஐந்து நிமிஷப் பாதையில் ஓடிக்கொண்டிருந்தது. மலை மலையாக ஆட்கள் பின்னால் ஏறி இறங்கின கால் அது.

"மச்சான், வேண்டாம்!" என்று கத்தினேன். ஒன்றரை வருஷத்தில் அவரிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை.

அவர் போய்க் கயிற்றைப் பிடிப்பார் என்றுதான் நினைத்தேன். வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். நான் நிச்சயம் செய்திருப்பேன். அப்படிச் செய்திருந்தால், பழகாத கை பட்டதும் அந்த ஆளின் பிடி ஒரு நொடி தளர்ந்திருக்கும் என்று பண்டா பிற்பாடு சொன்னார். மச்சான் கயிற்றைத் தொடவில்லை. தன் மேலிருந்த கம்பளியைக் கழற்றி, கயிறு பிடித்தவரைத் தலை முதல் முழங்கால் வரை போர்த்தி, பின்னாலிருந்து கட்டிப் பிடித்துக்கொண்டார். கம்பளிக்குள் அந்த மனிதரும் கயிறும். கம்பளிக்கு வெளியே மச்சான்.

எனக்குக் கீழிருந்து தெரிந்ததெல்லாம் பாறை விளிம்பில் ஒரு பழுப்புக் குவியல்தான். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம், கம்பளிக்குள்ளிருந்து அடைத்த குரலில் அந்தப் பாட்டு மறுபடி வந்தது. கூடவே இன்னொரு குரல். வார்த்தை தெரியாமல், சுருதி சேராமல், "உம்... உம்..." என்று கத்தலாக. என் மச்சான் பாடினார்! தாலாட்டுக்கூடப் பாடத் தெரியாதவர், கீழே இருக்கிறவருக்குக் கேட்கவேண்டுமே என்று பாடினார்.

கைராவின் கால் வெடிப்பைத் தேடிப் பிடித்தது. ஒரு பிடி. இன்னொரு பிடி. கயிறு கொஞ்சம் கொஞ்சமாக மேலே போயிற்று. அவர் கை விளிம்பைப் பற்றியபோது நான் ஓடைத் தண்ணீரிலேயே அழுதேன். சொல்வதற்கு என்ன வெட்கம்?

முழக்கம் அடங்கி நாங்கள் மேலே போனபோது மூவரும் புதருக்குள் படுத்திருந்தார்கள். கைராவின் முதுகு முழுக்கத் தடித்திருந்தது. கயிறு பிடித்தவருக்குக் கண் இரண்டும் வீங்கி மூடிவிட்டன. மச்சானை எனக்கு அடையாளம் தெரியவில்லை. முகம் பூசணிக்காய் ஆகியிருந்தது. கம்பளி ஓரத்தை இறுக்கிப் பிடித்திருந்த விரல்களை விரிக்க முடியவில்லை, பண்டா ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார். நல்லவேளை, மூவருக்கும் மூச்சு சீராக வந்தது. பண்டா ஏதோ இலையைக் கசக்கி எல்லோருக்கும் பூசினார்.

கைரா எழுந்து உட்கார்ந்ததும் கீழே அந்தப் பிளவைக் காட்டினார். சருகு இன்னும் புகைந்துகொண்டிருந்தது. பண்டாவிடம் கேட்டார். பண்டா என்னைப் பார்த்தார்.

யாரோ வழிப்போக்கன் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. மச்சான் வீங்கிய கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியும். ஆனால் அவர் வாயைத் திறக்கவில்லை. காட்டிக்கொடுக்கவில்லை.

"நான்தான் கொளுத்தினேன்" என்றேன். "சொல்லுங்க மச்சான். நான்தான்னு சொல்லுங்க."

அவர் சொன்னார். கைராவின் கை கோடரிக் காம்பின் மேல் இருந்தது. பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். மச்சான் அதைத் தமிழில் சொன்னார்: "யாருக்காகக் கொளுத்தினீங்கன்னு கேட்கிறாரு."

"அவருக்காகத்தான். அவர் நல்லபடி ஏறி வரணும்னு."

அதை மச்சான் சொல்லி முடித்ததும் கைரா கயிறு பிடித்தவரிடம் ஏதோ சொன்னார். கண் திறக்க முடியாத அந்த மனிதர் சிரித்துவிட்டார். வலியோடு சிரித்தார். என்ன சொன்னார் என்று இன்றுவரை மச்சான் எனக்குச் சொல்லவில்லை. நல்லதாக இருக்காது.

இடுப்புக் கூடையில் ஒரே ஓர் அடைத்துண்டு தங்கியிருந்தது. கைரா அதைப் பிட்டு, முதல் துண்டைத் தன் மச்சினன் வாயில் வைத்தார். அடுத்ததை என் மச்சானிடம் கொடுத்தார். எனக்கு நேராகத் தரவில்லை. தரவேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. மச்சானைப் பார்த்து என் பக்கம் தாடையை அசைத்தார். உன் ஆளுக்கு நீயே கொடு என்று அர்த்தம்.

மச்சான் விரிக்க முடியாத விரல்களால் அடையைப் பாதியாகப் பிட்டார்.

"இந்தாங்க மாப்ள" என்றார்.

நான் வாங்கிக்கொண்டேன். தித்திப்பா என்று கேட்காதீர்கள். உதடு வீங்கியிருந்தது, ஒன்றும் தெரியவில்லை.

அந்தக் கம்பளி முழுக்கக் கொடுக்குகள். முள்ளுமுள்ளாக நிமிர்ந்து நின்றன. உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். பிடுங்கிக்கொண்டே, "என்னை மன்னிச்சுக்குங்க மச்சான்" என்றேன். இரண்டுக்கும் சேர்த்துத்தான் கேட்டேன்.

அவர் கம்பளியை என் மடியிலிருந்து தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "இன்னைக்கு நடந்ததுக்கு மன்னிப்பு வேணாம் மாப்ள. நல்லது நெனச்சுத்தான் செஞ்சீங்க. அது தெரியாம செஞ்சது. மத்தது தெரிஞ்சு செஞ்சது. அதை இங்க, இந்தக் காட்டுக்குள்ள நாலு பேருக்குத் தெரியாமக் கேட்டா எப்படி? எங்க எழுதினீங்களோ அங்கேயே கேளுங்க. இதையும் மறைக்காம எழுதுங்க. அது அச்சில வரும்னு சொல்லுங்க, பாப்பா காதுகுத்துக்கு வர்றேன்."

அதுதான் நிபந்தனை. வாக்குக் கொடுத்தேன். அவர் அச்சில் வரும்வரை காத்திருக்கவில்லை, என் சொல்லை நம்பிப் போன வெள்ளிக்கிழமையே வந்து மடி கொடுத்தார்.

நான் சாமிக்குச் செய்வதால் யாருக்கும் கெடுதல் வராது என்று நினைத்தேன். வேடிக்கைக்கு எழுதுவதால் யாருக்கும் வலிக்காது என்றும் நினைத்தேன். இரண்டிலும் புகை எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கவில்லை. நம்மில் பலர் அப்படித்தான் இருக்கிறோம் என்று தோன்றுகிறது. நீங்கள் அப்படி இல்லாவிட்டால் சந்தோஷம்.

சரி, காதுகுத்துக்கு வருவோம். என்னை வாசலிலிருந்து இழுத்து வந்து உட்காரவைத்தார்கள். பொன்னம்மா சூடத்தை அணைத்தாள். ஆசாரி ஊசியைக் கொண்டுபோனதும் குழந்தை வீறிட்டுத் திமிறினாள். எனக்குப் பதறியது.

"மச்சான், கெட்டியாப் பிடிச்சுக்குங்க!"

"என்கிட்டயா சொல்றீங்க மாப்ள?" என்றார்.

தெமோதரைத் தோட்டத்துப் பெரட்டில் இதை வாசித்துக் காட்டுகிறவர்கள் தயவுசெய்து சத்தமாக வாசிக்கவும்: அந்தக் கம்பளியைப் பற்றி எழுதியவன் முட்டாள்.